சொந்தத் தீவில் இரண்டு நாள்

"வாப்பா, இந்த லீவுக்கு மன்னாருக்கு ட்ரிப் போவோம்" என்று முதலில் சொன்னது என் மகள்தான். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தி பெருக்கமரத்தடியில் நின்று எடுத்த படத்தைக் காட்டியிருக்கிறாள். மகளுக்கு மன்னார் என்றால் கழுதை, காற்றாலை, கடல். வாப்பா பிறந்த இடம் என்பதும் தெரியும்தான். ஆனால் அது நான் வகுப்பில் படிப்பிக்கும் வரலாற்றுப் பாடம் போல, தெரிந்தும் தன்னோடு ஒட்டாத ஒரு செய்தி.

நான் எருக்கலம்பிட்டியான். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரும் வெளியேற்றப்பட்டபோது எனக்கு 11 வயது. ஏறத்தாழ 75,000 பேர் என்பது பின்னாளில் வாசித்தறிந்த கணக்கு. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கரையில் நனைந்தபடி தோணிக்குக் காத்திருந்ததும், கற்பிட்டியில் இறங்கும்போது ஒரு காற்செருப்பைக் காணாததும்தான். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் படித்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, புத்தளத்துக் கிராமமொன்றிலேயே வாத்தியாராகிவிட்டேன். மனைவியும் அங்கேதான். 2009க்குப் பிறகு காணி அலுவலுக்கும் மையித்து வீடுகளுக்குமாக நாலைந்து தடவை மன்னார் போய்வந்திருக்கிறேன். சுற்றிப் பார்க்கவென்று போனதில்லை. சொந்த ஊரை யார் சுற்றிப் பார்ப்பார்?

உம்மா வரமாட்டா என்றே நினைத்திருந்தேன். 73 வயது, முழங்கால் வருத்தம். வெளியேறிய பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவ. சுபஹுத் தொழுதுவிட்டு வாசலுக்கு வந்தால், சேலை உடுத்து வேனுக்குப் பக்கத்தில் நிற்கிறா.

"ட்ரிப்தானே, நானும் வாறன்."

அநுராதபுரம், மதவாச்சி சுற்றிப் போனோம். 90இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாகக் கட்டி 2010இல் திறந்த புதுப் பாலத்தைத் தாண்டியதுமே பிள்ளைகள் காற்றாலைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். மொத்தம் 30 என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. மகனின் கணக்கு 22இல் நின்றது. உம்மா ஜன்னலோரம் பேசாமல் இருந்தா.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் அடிச்சுற்று 19 மீற்றருக்கு மேல். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பார்கள். நாங்கள் ஐந்து பேர் கைகோத்தும் பாதி கூட எட்டவில்லை. கழுதைகளும் அவர்களோடு வந்தவை என்றே சொல்வார்கள். பட்டினத் தெருவில் அவை வாகனங்களை மதிக்காமல் நடக்கும் நடையைப் பார்த்தால், உறுதிக் காணிக்காரர் அவைதான் என்று தோன்றும்.

தங்குவதற்கு விடுதியொன்றில் அறை எடுத்தோம். மேசையிலிருந்த தம்பி என் அடையாள அட்டையைப் பார்த்துப் புத்தளம் என்று எழுதினான். வந்த நோக்கம் என்றொரு கட்டம் இருந்தது. என்னைக் கேட்காமலே 'சுற்றுலா' என்று நிரப்பிவிட்டு, கையொப்பம் வைக்கச் சொன்னான். வைத்தேன். பிழையாக அவன் எதுவும் எழுதவில்லை.

பகல் சாப்பாடு எருக்கலம்பிட்டியில், சாச்சாவின் மகன் வீட்டில். மீளக் குடியேறியவன், ஆனாலும் கிழமையில் பாதி நாள் பிள்ளைகளின் படிப்புக்காகப் புத்தளத்தில்தான். எங்கள் ஆட்களில் கனபேர் இப்படித்தான், ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. புல்லுப்பாயில் சஹன் வைத்தார்கள். ஓரா மீன் பாலாணம், கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலைச் சுண்டல், பிறகு நண்டு. முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பாலை இறுக்கி வற்றவிட்ட நண்டு. உம்மா ஒரு காலைக் கடித்து உறிஞ்சிவிட்டு, "இதுதான் நண்டு" என்றா.

"அப்ப இவ்வளவு காலம் நான் ஆக்கித் தந்தது என்ன மாமி?" என்றாள் என் மனைவி.

"அது புத்தளத்து நண்டு."

களப்பு நண்டா கடல் நண்டா என்ற விவாதம் பிளேன்டீ வரும்வரை நீண்டது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னைத் தீர்ப்புக் கேட்டார்கள். கை கழுவும் சாட்டில் எழும்பிப் போய்விட்டேன்.

எங்கள் வளவைப் பற்றி எழுத அதிகமில்லை. பற்றை வெட்டியிருந்தது, சுவர் இல்லை, அத்திவாரக் கல் கொஞ்சம். "இதுவா?" என்றான் மகன். உம்மா மட்டும் உள்ளே நடந்து, ஓரிடத்தில் நின்று, செருப்பைக் கழற்றினா. அது குசினி இருந்த இடம்.

மறுநாள் ஒடியற் பிட்டும் மீனும் சாப்பிட்டுவிட்டுத் தலைமன்னார் புறப்பட்டோம். வழியில் தோட்டவெளி வேதசாட்சிகள் ஆலயத்தில் இறங்கினோம். 1544இல், பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற 600 பேரளவில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொல்வித்தான் என்பது வரலாறு. மகன் கேட்டான்: "சமயம் மாறினதுக்கா வாப்பா?"

வாத்தியார் புத்தி விடுமா? போர்த்துக்கேயர், முத்துக்குளிப்பு, கடல் வணிகம் என்று விளக்கி, இவர்கள் அந்நியனுக்குத் துணைபோவார்கள் என்று அரசன் பயந்ததையும் சொல்லி முடித்தேன். நல்ல பாடம்தான். அப்போது மகள், "அப்ப உங்கள ஏன் அனுப்பினாங்க?" என்றாள்.

இருபது வருடமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறேன். 1544க்கு மடமடவென்று வந்த வார்த்தை 1990க்கு வரவில்லை.

"இவர் இப்ப சொன்ன அதே காரணத்தத்தான் சொன்னாங்க" என்றா உம்மா. பிறகு வேனுக்கு நடந்தா.

தலைமன்னாரில் ஆதம் நபிக்கும் ஹவ்வா நாயகிக்கும் உரியவை என்று சொல்லப்படும் அந்த நீண்ட கப்றுகளைப் பார்த்தோம். 40 அடி என்பார்கள். என் வாப்பும்மா காலத்தில் நேர்ச்சை வைத்துப் போவார்கள். இன்றைய இளைஞர் அதை ஷிர்க் என்கிறார்கள். இரண்டு பக்கத்தோடும் வாதாட எனக்குத் தெம்பில்லை. ஸலாம் சொல்லிவிட்டு நின்றேன். இருந்த இடத்திலிருந்து இறக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தானே என்றொரு நினைப்பு வந்தது. சொல்லவில்லை.

இறங்குதுறைக்கும் போனோம். 1914 முதல் ரயிலால் இறங்கிக் கப்பலேறித் தனுஷ்கோடி போன காலமும், 1964 சூறாவளி அந்த ஊரை விழுங்கியதும் பிள்ளைகளுக்குக் கதையாய் இருந்தன. யுத்தத்தில் நின்ற ரயில் 2015 மார்ச்சில்தான் இதுவரை திரும்பி வந்தது. கடற்காற்று பலம், மகளின் ஸ்கார்ஃப் பறந்தது. நல்ல படங்கள் எடுத்தாள்.

திரும்பும்போது பேசாலையில் வீதியோரம் பனங்கட்டிக் குட்டான் விற்ற ஒரு பிள்ளையிடம் நிறுத்தினோம். முப்பது வயதிருக்கும். உம்மா விலையைக் குறைத்துக் கேட்டா.

"ஊருக்குப் புதுசோ அம்மா? இஞ்ச எல்லா இடமும் இதுதான் விலை."

"நீ பிறக்க முந்தி இந்த ரோட்டுல பனங்கட்டி வாங்கினவ நான், புள்ள."

"எந்த இடம்?"

"எருக்கலம்பிட்டி."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "எங்கட அம்மா சொல்லுவா, உங்கட ஆக்களிட்டத்தான் பாய் வாங்குறதெண்டு" என்றாள். பையைத் திறந்து இரண்டு குட்டானைக் கூடுதலாகப் போட்டாள். உம்மா அந்த இரண்டையும் எடுத்து எண்ணிக் காட்டி, அவற்றுக்கும் சேர்த்து, அவள் முதலில் சொன்ன முழு விலையையும் கொடுத்தா. அவள் வாங்க மறுத்தாள்.

"இப்ப காச எடு. அடுத்த முறை வாறன், அப்ப சும்மா தா."

வேன் புறப்பட்டதும் மகள் கேட்டாள், "அடுத்த முறை எப்ப வாப்பும்மா?"

"நோன்பு முடியட்டும்" என்றா உம்மா, பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டபடி.