அத்தை பக்கத்துக் கதவு

இயற்பியல் படிக்கிறவன் எதையும் பழுதுபார்ப்பான் என்பது நம் உறவினர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. பெங்களூரில் இருக்கும் என் மாமாவும் அதற்குப் பலியானவர்தான். தினமும் ஓசூர் ரோடில் காரோட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அவர். வீட்டில் இருப்பதைவிடச் சில்க் போர்டு சந்திப்பில்தான் அதிக நேரம் இருக்கிறார் என்பது அத்தையின் கட்சி.

“காரில் பாட்டு நன்றாகக் கேட்க ஏதாவது செய்யேன்” என்றார் மாமா. செய்தேன்.

சாதாரணக் காரில், பெருக்கியிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் பங்கிட்டு, கீச்சொலியைச் சிறிய ட்வீட்டருக்கும் மற்றதைப் பெரிய ஸ்பீக்கருக்கும் அனுப்புகின்றன. ‘ஆக்டிவ் கிராஸோவர்’ முறையிலோ இந்தப் பாகப்பிரிவினை பெருக்கிக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனிப் பெருக்கி. ட்வீட்டர் இரண்டு, கதவு ஸ்பீக்கர் இரண்டு, பின்னால் சப்வூபர் ஒன்று. ஆக ஐந்து வழிகள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூபர், 2,500-க்கு மேலே ட்வீட்டர், நடுவில் கதவு ஸ்பீக்கர் என்று எல்லை வகுத்தேன். எல்லைகளில் 1976-ல் லிங்க்விட்ஸ் விவரித்த முறை: அண்டை வீட்டார் இருவரும் அங்கே 6 டெசிபல் தாழ்ந்து நின்றால், கூட்டொலி மேடுபள்ளமின்றி இருக்கும்.

தனிக்குடித்தனத்தில் ஆபத்தும் உண்டு. ட்வீட்டருக்குக் காவலாக இருந்த மின்தேக்கி இப்போது இல்லை. நானோ இரண்டு வழிகளை மாற்றி இணைத்துவிட்டுப் பெருமையோடு ஒலியைக் கூட்டினேன். தவில் அடி அத்தனையும் ஓர் அங்குல ட்வீட்டரின் தலையில் விழுந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். ஜே.சி. ரோடில் ஜோடியாகத்தான் தருவோம் என்றார்கள். அந்த மாத உதவித்தொகையில் கணிசமான பகுதி அங்கே போயிற்று. மறுமுறை, சோதனை முடியும் வரையில் ஒரு மின்தேக்கியைக் காவல் வைத்தேன். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கிய ஒரு சீழ்க்கையும் இருந்தது. எர்த் ஒயரின் அடியில் பெயிண்டைச் சுரண்டியதும் அது ஓடிப்போயிற்று.

இனித்தான் வினை. மாமாவின் காதுக்கு வலது ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர், இடது 135. ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே வலது ஒலியை 1.3 மில்லி விநாடி தாமதப்படுத்தினேன். கே.பி. சுந்தராம்பாளின் பழைய பதிவு ஒன்றை வைத்தேன். இரு பக்கமும் ஒரே ஒலி தரும் பதிவு அது. அம்மையார் கண்ணாடிக்கு நேரே, நட்டநடுவில் நின்று பாடினார்! மாமா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை இடது ஆசனத்தில் அமர்ந்தார். “என்னடா இது? சுந்தராம்பாள் என் பக்கத்துக் கதவுக்குள்ளே உட்கார்ந்து பாடுறாங்க. முன்னே இவ்வளவு மோசமில்லையே?”

அத்தை சொன்னது பௌதிகப்படி முற்றிலும் சரி. எந்தப் பக்கத்து ஒலி முந்துகிறதோ அந்தப் பக்கமே பாட்டு இருப்பதாகக் காது முடிவு கட்டிவிடும். 1949-ல் இதை ஆராய்ந்த ஹாஸ் என்பவர் பெயரையே இந்த விளைவுக்கு வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு இடது ஸ்பீக்கர் முன்பே 1.3 மில்லி விநாடி முந்தியிருந்தது. என் திருத்தத்தால் அது 2.6 ஆயிற்று. மாமாவுக்குக் கொடுத்ததை அத்தையிடமிருந்து வசூலித்திருக்கிறேன்! வரைபடம் போட்டபோது அந்த இடது ஆசனத்தை நான் அளக்கவே இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

கருவியில் இரண்டு அமைப்புகளைப் பதித்து வைக்கலாம். முதலாவது மாமாவுக்கு. இரண்டாவதில் தாமதமே இல்லை. அவரவருக்கு அவரவர் கதவிலிருந்து பாட்டு வரும். இருவருக்கும் அரைகுறைதான். நடுவில் நிற்கும் சுந்தராம்பாள் யாருக்கும் கிடையாது. இதை மாமாவிடம் சொல்லிப் பொத்தானையும் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் அவர் காரில் ஏறினேன். அத்தை வரவில்லை, நாங்கள் இருவர் மட்டுமே. ஓடிக்கொண்டிருந்தது இரண்டாவது அமைப்பு.