பெயரும் இருப்பிடமும்

எங்கள் ஊரின் பெயரைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள், "யாருடைய காலடி?" என்று விசாரிக்காமல் விடுவதில்லை. பெருமாளின் காலடி என்று சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்தியாகப் போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் முகம் சற்றுச் சுருங்கிவிடும். 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டினத்துக் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட் என்னும் வெள்ளைக்காரர். அவர் காலத்தில் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றித் திருவொற்றியூருக்குப் பக்கத்தில் ஒரு பேட்டை உண்டாயிற்று. அது காலெட் பேட்டை. தறிக்கு முன்னால் உட்கார்ந்தவர்களின் நாக்கு அந்தப் பெயரைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் வளைத்து, காலடிப்பேட்டை ஆக்கிவிட்டது. காலெட் துரை கப்பலேறி முந்நூறு வருஷம் ஆகிறது. பெயர் மாறியும் இடம் மாறவில்லை. எனக்கு வரும் கடிதங்கள் ஒழுங்காக வந்து சேருகின்றன. திரும்பி வரும் கதைகள் அதைவிட ஒழுங்காக வந்து சேருகின்றன.

பெயர் என்பது ஒன்று, அந்தப் பெயருக்கு உரிய பொருள் இருக்கும் இடம் என்பது வேறொன்று, இரண்டையும் சேர்த்து எழுதி வைக்க ஒருவர் வேண்டும் என்பதை நான் நெடுநாள் யோசித்ததே இல்லை. 2019-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் என் மகள் என்னைக் கம்ப்யூட்டர் குமாஸ்தா ஆக்கியபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

அந்த வருஷத்துக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிகள் வறண்டு, தெருவுக்குத் தெரு தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை நின்றது. எங்கள் நெடுஞ்சாலையில் மெட்ரோ ரெயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். புரண்டு படுக்கக்கூட டாக்டரைக் கேட்க வேண்டும் என்ற நிலை. கம்ப்யூட்டரைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று உத்தரவு. டெலிபோனை மட்டும் எப்படியோ தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள். "அப்பா, என் கம்ப்யூட்டரைத் திறங்க. நான் சொல்றதை அப்படியே அடிங்க. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

நாற்பது வருஷம் எழுதிப் பிழைத்தவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? ஆனால் அவள் குரலில் இருந்த களைப்பைக் கேட்டதும் ரோஷத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் வேலையைப் பற்றி நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒரு கலியாணச் சமையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுந்து ஊறிய பிறகுதான் அரைக்கலாம். அரைத்த பிறகுதான் வடை தட்டலாம். பாயசத்துக்கு எதற்கும் காத்திருக்க வேண்டாம், தனி அடுப்பில் போகலாம். இப்படி முன்னது பின்னதாக, சேர்ந்தும் பிரிந்தும் போகிற வேலைத் தொடர் ஒன்று. தலைமைச் சமையல்காரர் ஜாபிதாவில் "கிரைண்டர்" என்று மட்டும் எழுதுவார். அது மண்டபத்திலேயே இருக்கிறதா, வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வண்டியில் வரவேண்டியதா என்பது மேற்பார்வைக்காரரிடம் இருக்கும் இன்னொரு ஜாபிதாவில் இருக்கும். அந்த இரண்டாவது ஜாபிதா தவறினால் எவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரராக இருந்தாலும் பந்தி எழும்பாது.

கம்ப்யூட்டர் உலகத்தில் அந்த மேற்பார்வைக்காரருக்குப் பெகாஸஸ் என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் வரும் சிறகு முளைத்த குதிரை. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிலையத்தில் 2001-இல் தொடங்கிய முயற்சி. விஞ்ஞானிகள் வேலைத் தொடரை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். எந்த வேலையை எந்த இயந்திரத்தில், எந்த வரிசையில் ஓட்டுவது என்பதைக் குதிரை பார்த்துக்கொள்ளும். சுமார் 130 கோடி வருஷத்துக்கு முன்னால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வு, 2015 செப்டம்பர் 14-ஆம் தேதி அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இருக்கும் லைகோ கருவிகளைத் தொட்டுவிட்டுப் போயிற்றே, அந்த அதிர்வைக் கணக்குப் போட்டுத் தேடிய முறைகளில் ஒன்றின் பின்னாலும் இந்தக் குதிரைதான் ஓடியது. அந்தக் கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் கையெழுத்திட்டவர்களில் நம் சென்னைக் கணிதவியல் நிலையத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. நான் சொல்வது ஏதோ கண்காணாத தேசத்துச் சமாசாரம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குதிரையிடம் இருக்கும் ஜாபிதாவில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு வரி. முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர், பிறகு எத்தனையாவது பதிப்பு. அதற்கு எதிரே எந்த ஊர் இயந்திரம், அதற்குள் எந்த இடம், அங்கேயே நிறுவப்பட்டதா, கொண்டுபோய் இறக்க வேண்டியதா. இந்த ஜாபிதாவைப் பராமரிக்க அப்போது ஒரு கருவி இருந்தது. படங்கள் கிடையாது, அமுக்குகிற பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை அடிக்க வேண்டும். பெகாஸஸ்-டிசி-கிளையண்ட் என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு 'க்யூ' என்றால் விசாரிக்கும். 'ஏ' என்றால் சேர்க்கும். 'டி' என்றால் நீக்கும். 'எல்' போட்டுப் பெயர், 'பி' போட்டு இருப்பிடம், 'ஆர்' போட்டு எந்த இயந்திரம் என்பதைச் சொல்ல வேண்டும். பிற்பாடு வந்த பதிப்புகளில் ஜாபிதாவை ஒரு கோப்பாகவே எழுதிவிடுகிறார்கள் என்று கேள்வி. என் உத்தியோகம் பழைய முறையிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது.

மகளின் சங்கடம் இதுதான். ஒரு புரோகிராமில் பிழை இருந்து, கூட வேலை செய்யும் பையன் திருத்தி, புதிய இடத்தில் வைத்துவிட்டான். ஜாபிதா இவள் கையில். திங்கட்கிழமை காலை பெரிய ஓட்டம் தொடங்குகிறது. அதற்குள் ஜாபிதாவில் புதிய இடம் ஏறியாக வேண்டும்.

முதலில் விசாரித்தேன். பழைய வரி வந்தது. பிறகு அவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, புதிய வரியைச் சேர்த்தேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை திரை ஏற்றுக்கொண்டது. மறுபடி விசாரித்தேன். இப்போது ஒரே பெயருக்கு எதிரே இரண்டு இருப்பிடங்கள் நின்றன. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

"முடிஞ்சுதும்மா. நீ தூங்கு."

"பழசை நீக்கணும்ப்பா."

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டுமே. புதுசுதான் ஏறிடுச்சே."

"இருக்கக்கூடாது. ரெண்டும் இருந்தா எதை வேணும்னாலும் எடுக்கும். பழைய இடத்துல ஒண்ணுமே இல்லேன்னா பரவாயில்லே. போய்ப் பார்த்துட்டு, 'இங்கே ஆளில்லை'ன்னு கத்தும். நமக்குத் தெரிஞ்சுடும். ஆனா பழைய புரோகிராம் இன்னும் அங்கேதான் உக்காந்திருக்கு. கூப்பிட்டா ஓடி வரும். கணக்கும் போட்டுக் கொடுக்கும். எல்லாம் சரியா நடந்த மாதிரியே இருக்கும். தப்பு யாருக்கும் தெரியாது."

பதிப்பு எண்ணையாவது மாற்றி வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "அவசரத்துல மாத்தலேப்பா" என்றாள். தப்பை ஒப்புக்கொள்ளும்போது அவள் அம்மாவின் குரல் வந்துவிடும் அவளுக்கு.

நீக்குவதற்கு எனக்குக் கை வரவில்லை. உண்மையான காரணம் ஒன்று உண்டு. அந்தக் கருவியில் எழுத்துக்களைச் சேர்க்கிற விதத்தில் சேர்த்தால், ஜாபிதா முழுவதையும் ஒரே வரியில் துடைத்துவிடலாம். எச்சரிக்கையாக இருக்கும்படி அதன் கைப்புத்தகமே சொல்கிறது என்று அவள் முன்பே பயமுறுத்தியிருந்தாள். ஆனால் அது மட்டும் இல்லை.

"இதை அடிச்சா அந்தப் புரோகிராமே அழிஞ்சுடுமா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. ஜாபிதாவுல இருக்கிற வரிதான் போகும். பொருள் எங்கே இருக்கோ அங்கேயேதான் இருக்கும். அதை யாரும் தொடலே."

அடித்தேன். எதிர்பார்த்த இடியோ மின்னலோ ஒன்றும் இல்லை. மறுபடி விசாரித்தபோது பெயருக்கு எதிரே ஒரே ஒரு வரி நின்றது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் யாரோ நர்ஸ் வந்து டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டது கேட்டது.

அன்று சாயங்காலம் ரேஷன் கடைக்குப் போனேன். அதைப்பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

2017-இல் பழைய காகித அட்டைக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு வந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் ஆதார் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று, எழுத்துப் பிழை இல்லாமல் பெயர்களைப் பதிவு செய்துவிட்டு வந்தவள் என் மனைவி. கார்டு கைக்கு வந்து நாலு மாதத்தில் அவள் போய்விட்டாள். இரண்டு வருஷமாக அவள் பெயரை நான் நீக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்தாளனுக்குச் சோம்பேறித்தனம் ஒரு கௌரவமான சாக்கு. யாரும் மேலே கேட்பதில்லை.

ரேஷனில் சர்க்கரை தலைக்கு அரைக் கிலோ. அவள் தலைக்கு உரியதும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் எடை போட்டதும் என் டெலிபோனில் கணக்கு செய்தியாக வந்து விழும். எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருக்கும். அந்தச் சர்க்கரையைப் போட்டுத்தான் இரண்டு வருஷம் காப்பி குடித்தேன். ஒரு நாளும் அது கசக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அன்று வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கிழவி. ஒண்டிக்கட்டை. பையில் அவள் பங்கு அரைக் கிலோ சர்க்கரை. அவள் பையைப் பார்த்தேன், என் கார்டைப் பார்த்தேன். மகள் மத்தியானம் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கூப்பிட்டால் வராத பெயர் ஒன்று என் ஜாபிதாவில் இருந்தது. அதற்குப் பதிலாக நான் வந்து வாங்கிக்கொண்டு போனேன். சர்க்கரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்கும் இணையத்திலேயே மனுப் போடலாம். இறப்புச் சான்றிதழின் நகலைச் சேர்க்க வேண்டும். சான்றிதழ் அவள் புடவை அலமாரியில் இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். உறுப்பினரை நீக்க என்று இருந்த இடத்தில் அவள் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். "வரிதான் போகும். பொருள் எங்கே இருக்கோ அங்கேயேதான் இருக்கும்" என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொண்டேன். புரோகிராமுக்கு அது உண்மை. மனுஷிக்கு அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியவில்லை. ஆனாலும் விரல் அசைவதற்கு அந்த வார்த்தை போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை ஓட்டம் நன்றாக நடந்ததாம். மூன்று வாரம் கழித்துப் பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் சௌக்கியம். குழந்தையின் பெயரை எங்கள் கார்டில் சேர்த்துவிடலாமா என்று மகளிடம் கேட்டேன். காலியான இடம் ஒன்று இருக்கிறதே என்ற ஆசைதான்.

"அவ அவங்க அப்பா கார்டுலதான்ப்பா வரணும்" என்று சிரித்தாள். "ஒரு பேரை ரெண்டு இடத்துல எழுதக்கூடாதுன்னு சொன்னேனே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த மாதம் கடையில் எனக்கு உரியது மட்டும்தான் வந்தது. வீட்டுக்கு வந்து, அவள் சர்க்கரைக்கென்று வைத்திருந்த பெரிய டப்பாவில் கொட்டினேன். பாதிகூட நிரம்பவில்லை. சின்ன டப்பாவாக ஒன்று எடுத்து மாற்றிவிடலாம் என்று தேடினேன். பிறகு, இருக்கட்டும் என்று அதிலேயே விட்டுவிட்டேன்.