அப்பா சொல்லாத மாத்திரை

ஆண்டிமடம் பக்கம் எங்கள் ஊர். கண்புரை முற்றிப் பேரப்பிள்ளைகளின் முகம் தெரியாத நிலையிலும், ஆபரேஷன் என்று பேச்செடுத்தால் அப்பா முந்திரிக்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். காரணம் எல்லோருக்கும் தெரியும். 2008 ஜூலையில் கடுவனூர் இலவச முகாமிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துவரப்பட்டு ஆபரேஷன் செய்துகொண்ட 66 பேருக்குக் கிருமி தாக்கிப் பார்வை போனது. உள்ளூர எனக்கும் அதே பயம்தான். அதனால் நானும் அவரை வற்புறுத்தவில்லை.

ஒருவழியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் கேட்டார்: "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க தாத்தா?"

"சுகருக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு."

"ஒண்ணுக்குப் போறதுக்கு ஏதாச்சும்?"

அப்பா என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ போய் டீ வாங்கியா."

திரும்பி வந்தபோது, சட்டைப்பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த அட்டை மேஜைமேல் கிடந்தது. டாம்சுலோசின். புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை. மகளிடம் சொல்லக் கூச்சம்; கேட்க எனக்கும் கூச்சம். இதைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்மணியைச் சுற்றியுள்ள திரை துவண்டு, ஆபரேஷனின் நடுவிலேயே கண்மணி சுருங்கிவிடக்கூடும். மருத்துவர்கள் இதை எழுதிவைத்ததே 2005இல்தான். முன்கூட்டி நிறுத்தினாலும் ஆபத்து முழுசாகப் போகாது. ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் கண்மணியை விரித்துப் பிடிக்க மருந்தும் வளையமும் தயாராக இருக்கும்.

கிருமியைப் பற்றி நான் கேட்டேன். கத்தி படுவதற்கு முன் கண்ணில் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை விடுவார்களாம். முடியும்போது கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்துவார்களாம். அரவிந்த் மருத்துவமனைகள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாயிரத்துக்கு 7 பேருக்கு வந்த உட்கண் தொற்று இந்த ஊசி மருந்தால் 2 ஆகக் குறைந்திருந்தது. தியேட்டரும் திரவங்களும் சுத்தமாக இல்லாவிட்டால் எந்த மருந்தும் காப்பாற்றாது என்பது வேறு விஷயம்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் சொட்டு மருந்துதான் பெரும்பாடு. ஸ்டீராய்டு சொட்டை வாராவாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பாட்டிலைக் குலுக்கி, கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. பார்வை தெளிந்ததும் "இன்னும் எதுக்கு?" என்றார் அப்பா. சட்டென்று நிறுத்தினால் வீக்கம் திரும்பும் என்று சொல்லிச் சொல்லியே விட்டேன்.

மருந்து முடியும் சமயத்தில், சோளத்தோகை கிழித்துச் சிவந்த கண்ணோடு பக்கத்து வீட்டு அத்தை வந்தார். "மிச்சம் இருந்தா ரெண்டு சொட்டு விடேன்." தோகை பட்ட புண்ணில் பூஞ்சை இருந்தால் ஸ்டீராய்டு கண்ணையே தின்றுவிடும். பாட்டிலைக் குப்பையில் போட்டுவிட்டு, அத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.