ஒரு செப்புக்காசுக் கண்ணாடி

ரோமில் ஒரு செப்புக்காசு கொடுத்தால் கண்ணாடிக் கோப்பை வாங்கிவிடலாம் என்று புவியியலாளர் ஸ்ட்ரேபோ எழுதி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அன்று அந்த விலைக்கு விற்ற சரக்குதான் இன்று பெரிய அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் தனியார் வீட்டு அலமாரிகளிலும் இருக்கிறது. அரண்மனைச் சாமான் அதில் அபூர்வம். எண்ணெய்க் குப்பி, தண்ணீர்க் கூஜா, மதுக்கிண்ணம், சமையலறைச் சீசா என்று சாதாரணக் குடும்பங்கள் புழங்கியவையே பெரும்பகுதி.

புழங்கிய கண்ணாடி உடையாமல் எப்படி இத்தனை காலம் தங்கியது என்று கேட்கத் தோன்றும். உண்மையில், புழக்கத்தில் இருந்தது தங்கவில்லை. உடைந்த கண்ணாடியை மறுபடி உருக்கலாம். மணலிலிருந்து புதிதாக உருக்குவதைவிட அதற்கு வெப்பமும் குறைவாகப் போதும். அதனால் ரோமில் உடைசலுக்கும் விலை இருந்தது. தெருத்தெருவாகச் சென்று உடைந்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கந்தகக் குச்சி கொடுக்கும் வியாபாரியைக் கவிஞர் மார்ஷியல் குறிப்பிடுகிறார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த நம்மூர் வண்டிக்காரருக்கு அவர் தூரத்துப் பங்காளி. இத்தாலியின் கிராடோ நகருக்கு அருகே கடலடியில் கிடைத்த, ஆய்வாளர்கள் 'யூலியா ஃபெலிக்ஸ்' என்று பெயரிட்ட கப்பலில் ஒரு மரப்பீப்பாய் நிறையக் கண்ணாடி உடைசல் இருந்தது. உலைக்குப் போக வேண்டிய சரக்கு வழியிலேயே மூழ்கிவிட்டது.

இந்த உருக்குச் சுழலுக்குத் தப்பியவை பெரும்பாலும் கல்லறைக்குப் போன பாத்திரங்கள். இறந்தவருடன் நறுமண எண்ணெய்க் குப்பிகளை வைப்பது வழக்கம். எரித்த எலும்பையும் சாம்பலையும் பெரிய கண்ணாடிச் சாடியில் இட்டு மூடிப் புதைப்பதும் உண்டு. பொம்பெயி, ஹெர்குலேனியம் போல எரிமலைச் சாம்பல் மூடிய ஊர்கள் விதிவிலக்கு. மற்றபடி முழுசாக ஒரு ரோமானியக் குப்பி ஒருவர் கையில் இருந்தால், எங்கோ ஒரு சவக்குழியைத் திறந்து எடுத்தது என்றே வைத்துக்கொள்ளலாம். சேகரிப்பாளர்கள் வாய்விட்டுப் பேச விரும்பாத செய்தி இது.

கண்ணாடி இவ்வளவு மலிந்ததற்குக் காரணம் ஊதுகுழல். அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணாடி அரும்பொருளாகவே இருந்தது. மண்ணும் சாணமும் பிசைந்து பிடித்த கருவைச் சுற்றி உருகிய கண்ணாடியை இழைத்து, ஆறிய பிறகு உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுத்தால் ஒரு சிறு குப்பி கிடைக்கும். தட்டையான கண்ணாடி வில்லையைச் சூட்டில் ஓர் அச்சின்மேல் தொய்யவிட்டுக் கிண்ணமாக்குவதும் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் சிரிய–பாலஸ்தீனக் கரையோரத்தில் இந்த நிலை மாறியது. ஜெருசலேம் பழைய நகரில் நாஹ்மான் அவிகாத் நடத்திய அகழாய்வில் ஒரு பட்டறைக் குப்பை கிடைத்தது. அதில் ஒருமுனை மூடிய கண்ணாடிக் குழாய்களும், அவற்றையே சூடாக்கி ஊதிப் பார்த்த துண்டுகளும் கிடந்தன. இரும்புக் குழல் வருவதற்கு முந்தைய கட்டம் அது. குழல் வந்ததும் ஒரு கைதேர்ந்த தொழிலாளி நிமிடக்கணக்கில் ஒரு குப்பியை முடித்துவிட்டார்.

ஊதியவர்கள் எல்லோரும் கண்ணாடியைத் தாமே காய்ச்சவில்லை. எகிப்தின் வாதி நத்ரூன் ஏரிகளில் கிடைத்த இயற்கைச் சோடா உப்பான நாட்ரானையும் கடற்கரை மணலையும் பெரிய தொட்டி உலைகளில் உருக்கினார்கள். பாளமாக உறைந்ததை உடைத்து, கட்டிகளாகக் கப்பலேற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். ஆக்கர் நகருக்கு அருகே பெலூஸ் ஆற்று முகத்துவார மணல் இதற்குப் பேர்போனது. அதில் கலந்திருந்த கிளிஞ்சல் தூளே தேவையான சுண்ணாம்பையும் தந்துவிட்டது. மணலில் இருந்த இரும்பு கண்ணாடிக்கு நீலம் கலந்த இளம்பச்சை நிறத்தைத் தந்தது. அதை நீக்கித் தெளிவாக்க ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்த்தார்கள். ஒரே பாத்திரத்தில் இரண்டும் கலந்து காணப்பட்டால், பழைய உடைசல் அதில் சேர்ந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

சேகரிப்பில் இறங்குபவர் முதலில் வாங்குவது பெரும்பாலும் நறுமண எண்ணெய்க் குப்பி. இன்றும் சில நூறு டாலருக்குள் கிடைக்கக்கூடியது. விரல் நீளம், பெருவிரல் பருமன். கையில் எடுத்தால் எடையே தெரியாது. வாயோரம் வெளியே மடிந்து சற்றுக் கோணலாக இருக்கும். கழுத்து வயிற்றைச் சந்திக்கும் இடத்தில், ஊதியவர் இடுக்கியால் நெரித்த சுருக்கம் தெரியும். கழுத்திலுள்ள காற்றுக் குமிழ்கள் நீள்வாக்கில் இழுபட்டிருக்கும், வயிற்றில் உள்ளவை உருண்டையாக இருக்கும். அடிப்பாகம் நேராக இல்லாததால் பல குப்பிகள் நிற்கவே மாட்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவற்றைக் கண்ணீர்க் குப்பிகள் என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அழுது நிரப்பி வைத்தார்கள் என்று கதை கட்டினார்கள். சில கடைக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்தபோது எண்ணெயும் கொழுப்பும்தான் தெரியவந்தன.

சேகரிப்பாளரைச் சொக்கவைப்பது இவற்றின் மேல் படர்ந்த வானவில் மினுக்கம். மயில்கழுத்து நீலம், செம்பு, பொன், ஊதா என்று ஒரே குப்பியில் நிறங்கள் மாறி மாறி ஓடும். செய்தவர் கொடுத்த நிறமல்ல அது, மண் கொடுத்த நோய். ஈரமண்ணில் நூற்றாண்டுக்கணக்கில் கிடக்கும்போது கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடா கரைந்து வெளியேறுகிறது. எஞ்சும் சிலிக்கா மிக மெல்லிய ஏடுகளாக அடுக்கடுக்காகப் பிரிகிறது. அந்த ஏடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டுகிறது. ஒரு சொட்டு நீர் பட்டால் ஏடுகளின் இடைவெளி நிரம்பி மினுக்கம் மறைந்து, அடியிலுள்ள இளம்பச்சைக் கண்ணாடி தெரியும். காய்ந்ததும் திரும்பிவிடும், ஆனால் ஏட்டில் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். அதனால்தான் இவற்றைக் கழுவக் கூடாது, ஈரப்பதம் ஏறி இறங்கும் அறையில் வைக்கக் கூடாது என்பார்கள். நிறமே இல்லாமல் படிகம்போல் தெளிந்த கண்ணாடிதான் உயர்ந்தது என்று மூத்த பிளினி எழுதினார். அவர் காலத்து இல்லத்தரசி இந்த மினுக்கத்தைப் பார்த்திருந்தால் அழுக்கென்று தேய்த்துக் கழுவியிருப்பாள். அமெரிக்கரான லூயி கம்ஃபர்ட் டிஃபனியோ இந்தப் பளபளப்பைக் கண்டுதான் 1890களில் தம் 'ஃபாவ்ரீல்' கண்ணாடியை உருவாக்கி, அதில் பெரும்புகழ் பெற்றார்.

எல்லாமே பெயரற்ற தொழிலாளிகளின் வேலை என்றும் சொல்லிவிட முடியாது. கி.பி. முதல் நூற்றாண்டில் எனியோன் என்பவர் பல துண்டுகள் சேர்ந்த அச்சுக்குள் கண்ணாடியை ஊதி, 'எனியோன் செய்தான்' என்று கிரேக்கத்தில் பெயர் பொறித்தார். சீடோன் நகரத்துக்காரர் என்று பொதுவாகக் கருதப்படுகிறார். அவருடைய கிண்ணங்களில் இலைகளும் கட்டங்களும் அவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கின்றன. வாங்குபவர் நினைவில் நிலைக்கட்டும் என்ற வாழ்த்தும் சிலவற்றில் உண்டு, வியாபாரம் தெரிந்தவர். நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகம் 2014-ல் அவர் பெயரிலேயே ஒரு கண்காட்சி நடத்தியது.

உச்சியில் இருப்பவற்றைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. கருநீலத்தின்மேல் வெள்ளைக் கண்ணாடியைப் போர்த்திச் செதுக்கிய போர்ட்லாந்து சாடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது, 1845 பிப்ரவரியில் பார்வையாளர் ஒருவர் அதை நொறுக்கினார். அதை மூன்று முறை ஒட்டியிருக்கிறார்கள். அதே இடத்தில் உள்ள லைகர்கஸ் கோப்பை வெளிச்சம் மேலே விழுந்தால் பச்சை, உள்ளிருந்து வந்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்த வெள்ளி, பொன் நுண்துகள்களின் வேலை அது. இவை தனியார் கனவிலும் கைக்கு எட்டாதவை. எட்டியதில் பெரியது கான்ஸ்டபிள்–மேக்ஸ்வெல் தொகுப்பில் இருந்த கூண்டுக் கிண்ணம். தடித்த கண்ணாடியைக் குடைந்து, உள்கிண்ணத்தைச் சுற்றி வலைபோல் ஒரு கூண்டு நிற்கும்படி செதுக்கிய இது 1979-ல் 5,20,000 பவுண்டுக்கும் 2004-ல் சுமார் 26 லட்சம் பவுண்டுக்கும் ஏலம் போயிற்று. வேலைப்பாட்டில் இதற்கு ஈடில்லை. ஆனாலும் ரோமானியர் வீட்டில் என்ன இருந்தது என்று அறிய விரும்புபவருக்கு, சதுரச் சீசா நாலைந்து இதைவிட அதிகம் சொல்லும்.

பெரிய தொகுப்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்ந்தவை. லண்டன் சட்டத்தரணி ஃபீலிக்ஸ் ஸ்லேட் 1868-ல் இறந்தபோது தம் கண்ணாடித் தொகுப்பை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். சைப்ரஸில் அமெரிக்கத் துணைத் தூதராக (கான்சல்) இருந்த லூயிஜி பால்மா டி செஸ்னோலா அந்தத் தீவின் கல்லறைகளை ஆயிரக்கணக்கில் திறந்து, கிடைத்ததை நியூயார்க்குக்கு விற்று, 1879-ல் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராகவும் ஆனார். 'கூரியம் புதையல்' என்று அவர் காட்டியது ஒரே இடத்தில் கிடைத்ததல்ல, பல இடங்களிலிருந்து திரட்டிச் சேர்த்தது என்று பிறகு தெரிந்தது. எது எந்தக் குழியில் கிடந்தது என்பதைச் சீராகக் குறித்து வைக்காததால், அந்தத் தொகுப்பின் பல பொருட்கள் அழகாக இருந்தும் ஊமையாகிவிட்டன. ஜெர்மனியின் கோல்ன் நகரம் ஒரு நல்ல மாற்று. அது ரோமானியர் காலத்தில் பெரிய கண்ணாடித் தொழில் நகரம். பாம்பு நெளிவதுபோல் வண்ணக் கண்ணாடி இழை ஒட்டிய பாத்திரங்கள் அங்கே பெயர்பெற்றவை. உள்ளூர்க்காரரான நீசனின் தொகுப்பை நகரமே 1934-ல் வாங்கி வைத்துக்கொண்டது.

எந்தக் குப்பி எந்தக் காலத்தது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது 1957-க்குப் பிறகு. நெதர்லாந்து அறிஞர் கிளாசினா இஸிங்ஸ், நாணயம் முதலியவற்றால் காலம் தெரிந்த அகழாய்வுகளில் கிடைத்த கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் எண் கொடுத்து அந்த ஆண்டு நூலாக வெளியிட்டார். சேகரிப்பாளர்களும் ஏலக்காரர்களும் அகழாய்வாளர்களும் இன்றும் அந்த எண்களில்தான் பேசுகிறார்கள். 'இஸிங்ஸ் 3' என்றால் வரிவரியான விலாக் கிண்ணம். 'இஸிங்ஸ் 50' என்றால் ஒற்றைக் கைப்பிடி வைத்த சதுரச் சீசா. பெட்டிக்குள் இடைவெளி இல்லாமல் அடுக்குவதற்காகவே சதுரமாகச் செய்தது, அடியில் வட்டத்துக்குள் வட்டமாக அச்சுக்குறி இருக்கும். மண்ணில் இருந்த இடத்தோடு பதிவான உடைசல்களை நம்பித்தான், இடம் தெரியாத முழுப் பாத்திரங்களுக்கு இன்று வயது சொல்லப்படுகிறது.

போலிகளுக்குக் குறைவில்லை. இன்று ஊதிய குப்பியை அமிலத்தில் தோய்த்து மங்கலாக்கி, உலோக உப்பின் ஆவியைச் சூட்டில் படியவிட்டால் மினுக்கம் வந்துவிடும். ஆனால் அது எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். உண்மையான படிவு மண்ணில் கிடந்த பக்கத்துக்கு ஏற்பத் திட்டுத்திட்டாக ஏறி, செதில் செதிலாக உதிரும். மண்ணைப் பசையில் குழைத்துப் பூசுவது இன்னொரு வழி. அதை விரல்நகமே காட்டிக்கொடுத்துவிடும். முழுப் போலியைவிட ஒட்டுப்போட்டது ஆபத்து: ஒரு கூஜாவின் உடலுக்கு வேறொன்றின் கழுத்து, மூன்றாவதின் கைப்பிடி. எல்லாமே ரோமானியம், பாத்திரம் மட்டும் ரோமானியம் இல்லை. புற ஊதா விளக்கில் பசையும் பிசினும் ஒளிர்ந்து இதைக் காட்டும். கடைசிச் சோதனை வேதியியல். நாட்ரானால் செய்த கண்ணாடியில் பொட்டாசியம் ஆக்சைடும் மக்னீசியம் ஆக்சைடும் பொதுவாகத் தலா 1.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். பின்னாளில் தாவரச் சாம்பலால் செய்ததில் அது கூடிவிடும். வெனிஸை அடுத்த முரானோத் தீவுக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோமானியப் பாணியில் செய்த பல்வண்ணக் கிண்ணங்கள் வேறு வகை. ஏமாற்றுவதற்காகச் செய்யப்படாத அவையும் பழையவை என்று விற்கப்பட்டதுண்டு.

போலி இல்லை என்று தெரிந்தபின்னும் ஒரு கேள்வி மிச்சம்: இது எப்போது, யார் கையால் மண்ணை விட்டு வெளியே வந்தது? 1970-ல் யுனெஸ்கோ உடன்பாடு வந்த பிறகு, அந்த ஆண்டுக்கு முன்பே ஒரு தொகுப்பில் இருந்ததற்கான ஆவணம் உள்ள பொருளை மட்டுமே வாங்குவது பல அருங்காட்சியகங்களின் வழக்கமாகியிருக்கிறது. இஸ்ரேலின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் பெற்ற கடைகளுக்கு இடம் தருகிறது. சிரியாவில் 2011-க்குப் பிறகு பழைய அபாமியா நகரமே குழிகளாகத் தோண்டப்பட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அப்படித் தோண்டியதில் சிறு குப்பிகளை அடையாளம் காண்பது கடினம். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி இருப்பதால் பழைய தொகுப்பிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். சிலைக்கோ ஓவியத்துக்கோ கேட்கும் ஆவணத்தை நூறு டாலர் குப்பிக்கு யாரும் கேட்பதில்லை. கேட்டு வாங்குவதுதான் சரி. அதனால் தொகுப்பு மெதுவாக வளர்ந்தால் வளரட்டும்.

இந்தக் கண்ணாடி கிழக்கேயும் வந்தது. ஆப்கானிஸ்தானின் பெக்ராமில் ஹாக்கின் தம்பதியர் 1937 முதல் 1939 வரை தோண்டியபோது, வண்ணம் தீட்டிய ரோமானியக் கோப்பைகள் மூடிய அறைகளில் கிடைத்தன. முசிறிக்கு வந்த சரக்குகளில் காய்ச்சிய கண்ணாடிக் கட்டியும் உண்டு என்று 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' குறிப்பிடுகிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் கேரளத்தில் பட்டணத்திலும் விலாக் கிண்ண உடைசல்கள் அகழாய்வில் கிடைத்துள்ளன. இரண்டும் கல்லறைகளல்ல, ஆட்கள் வாழ்ந்து வாணிபம் செய்த இடங்கள். அதனால் கிடைத்தவை கைப்பிடிக்குள் அடங்கும் துண்டுகளே. நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை விதிப்பதால் ஏலக்கூடத்துக்கு அவை போவதில்லை. போனாலும் அங்கே விலைபோகாது. ஆனால் ஒவ்வொரு துண்டும் எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டுக்கு அருகில் கிடந்தது என்பது பதிவேட்டில் இருக்கிறது.