பிரயாணமும் பருவக் காற்றும்

பிரயாணம் என்றதும் நம்மவர் முதலில் தேடுவது பஞ்சாங்கத்தையே. திங்களும் சனியும் கிழக்கே சூலம். ராகு காலம் கழிய வேண்டும். பூனை குறுக்கே வரலாகாது. இத்தனையும் பார்ப்போர், பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பாராது விடுகின்றனர். அதுவே இந்நாட்டின் காற்று.

நாம் வானத்தைப் படிக்க அறியாத மக்களல்லர். பால்மரம் வெட்டிய நம் பெற்றோர் விடியுமுன் வாயிலில் நின்று வானத்தைத்தான் பார்த்தனர். பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. பிரட்டுக்குப் போகையில் இருந்த அவ்வறிவு, பெட்டி கட்டுகையில் எங்கே ஒளிந்துகொள்கிறது?

நவம்பர் முதல் மார்ச் வரை வீசுவது வடகிழக்குப் பருவக் காற்று. அது தென்சீனக் கடலின் ஈரத்தை வாரிவந்து கிளந்தான், திரங்கானு, பகாங் கரைகளில் கொட்டுகிறது. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள பினாங்கும் லங்காவியும் பெரும்பாலும் காய்ந்திருக்கும். மே இறுதி முதல் செப்டம்பர் வரை வீசுவது தென்மேற்குக் காற்று. கிழக்குக் கரைத் தீவுகளுக்கு அதுவே ஏற்ற காலம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலையில் புறப்படுதலே நன்று.

நாமறிந்த குடும்பமொன்று 2014 டிசம்பரில் சுபவேளை குறித்து, தேங்காய் உடைத்து, குவாலா கிராய்க்குச் சென்றது. சில தினங்களில் கிளந்தான் ஆறு கரை புரண்டது. கெமுபு ரயில் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு துறந்த அப்பேரிடரில், மருந்து தீர்ந்துபோன முதிய தாயாருடன் அவர்கள் ஒரு பள்ளிக்கூட மாடியில் நாட்களைக் கழித்தனர். குறித்த வேளை வெள்ளத்தைத் தடுக்கவில்லை.

தமிழகம் செல்வோர்க்கும் இது பொருந்தும். அதன் கிழக்குக் கரையை ஆண்டிறுதியில் நனைப்பதும் வடகிழக்குப் பருவமே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது.

காற்றும் சில வேளை கணக்குத் தவறும். 2021 டிசம்பரில் மேற்குக் கரையின் ஷா ஆலமும் கிள்ளானும் மூழ்கின. ஆதலின் மாதத்தைப் பருவம் கண்டு குறிப்போம். நாளை வானிலைத் துறையின் எச்சரிக்கை கேட்டு உறுதி செய்வோம். கிழக்குக் கரைத் திருமணங்களை மழை ஓய்ந்த பின் வைப்போம். முதியோருடன் செல்வோர் மருந்தைச் சில நாட்களுக்கு மிகுதியாக எடுத்துச் செல்க.

மழைக்குச் சூலம் தெரியாது. நமக்கோ மழையைத் தெரியும். தெரிந்ததைத் துணைக்கொண்டு புறப்படுவோமாக!