குதிரையும் முப்புரிக் கயிறும்

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, எமது படலையைத் திறந்துகொண்டு ஆச்சி ஒருவர் வந்தார். நெடுந்தீவிலிருந்து படகேறி வந்தவர். எம்மிடம் விலங்கியல் பயின்ற மாணவன் ஒருவனின் தாயார். காணியை ஈடுவைத்து மகனைப் படிப்பித்தவர். மகன் கடல் கடந்து ஆராய்ச்சி செய்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்த அம் முகத்தில் அன்று மகிழ்ச்சி இல்லை.

“மாஸ்டர், என்ரை பிள்ளை குதிரையின்ரை எதையோ எடுத்துச் சோதிக்கிறானாம். நாங்கள் குதிரையளைப் பாத்து வளந்த சனம். வாயில்லாச் சீவனைக் கொல்லுறானோ?”

நெடுந்தீவின் வெளிகளில் இன்றும் மட்டக் குதிரைகள் மேய்கின்றன. அவற்றைக் கண்டு வளர்ந்தவருக்கு இவ் வினா எழுந்ததில் வியப்பில்லை. மகன் எமக்கும் எழுதியிருந்தான்: குதிரையின் கொலாஜனைச் சிதைக்கும் நொதியம் ஒன்றை வைத்தே அவன் ஆராய்கிறான். நாம் உடனே வகுப்பறைக் குரலில் புரதம், பரம்பரையலகு என்று தொடங்கினோம். ஆச்சி தலையசைத்தார், ஆனால் விளங்காதவரின் தலையசைப்பு எமக்குத் தெரியாததன்று. வெட்கமுற்று நிறுத்தினோம்.

படலையருகே மாட்டுக் கயிறு ஒன்று கிடந்தது. அதனை எடுத்து மூன்று புரிகளையும் பிரித்துக் காட்டினோம். தோல், என்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு வலிமை தரும் கொலாஜனும் இத்தகைய முப்புரியே. அதன் முறுக்கை 1954 ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் ஆவர். இக் கயிற்றை எளிதில் அறுக்க இயலாது. அறுப்பதற்கென்றே உடம்பு வைத்திருக்கும் கத்திதான் அந் நொதியம். துத்தநாகத்தைத் துணைக்கொண்டு, கயிற்றின் நான்கில் மூன்று பங்கு நீளத்தில், குறித்த ஓரிடத்தில் அது வெட்டுகிறது.

“உடம்பை உடம்பே அறுக்கிறதோ?” என்றார் ஆச்சி.

ஆம், அறுக்காவிடின் வளர்ச்சி இல்லை. மழைக்குளத்து வாற்பேய் தவளையாகும்போது வால் கரைந்து போகிறதன்றோ? 1962 ஆம் ஆண்டில் ஜெரோம் குரோஸ், சார்ள்ஸ் லாப்பியேர் என்னும் இருவர் அவ் வாலின் துண்டுகளைக் கொலாஜன் கூழின்மேல் வைத்தனர். சுற்றியிருந்த கூழ் கரைந்தது, கத்தி அகப்பட்டது. பிள்ளை பிறந்தபின் விரிந்த கருப்பை சுருங்குவதற்கும் கொலாஜன் சிதைந்தாக வேண்டும். அறுப்பது தீமையன்று; அடக்குவாரின்றி அறுப்பதே தீமை. அக் கட்டுப்பாடு தளரும்போது மூட்டின் கசியிழையம் தேய்கிறது. ஓடியோடி மூட்டு நோவுறும் குதிரைக்கும் இதுவே கதி.

இனிக் கொலையைப் பற்றிய ஐயம். இதற்காகக் குதிரையின் உடலில் கத்தி வைக்க வேண்டியதில்லை. குதிரையின் பரம்பரை எழுத்துவரிசை 2009 ஆம் ஆண்டிலேயே வெளியாகிவிட்டது. அதில் நொதியத்துக்குரிய பகுதியை ஆக்கிப் பற்றீரியாவிலோ வளர்ப்புக் கலங்களிலோ புகுத்தினால், அவையே அந் நொதியத்தைச் செய்து தரும். அதனைத் தூய்மையாக்கி, எப்பொருள் அக் கத்தியைத் தடுக்கும் என்று ஆய்வுகூடத்திற் சோதிக்கலாம். ஆச்சியின் முகம் மெல்லத் தெளிந்தது.

பின்னர் அவர் தம் முழங்காலைத் தடவியபடி, “அப்ப என்ரை காலையும் உதுதான் அறுக்குதோ?” என்று கேட்டார்.

மூட்டுத் தேய்விற்கு அதுவும் ஒரு காரணம் என்றோம். மகன் கையாளும் பொருள் ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது, மருந்தன்று என்பதையும் மறைக்கவில்லை. பொய் நம்பிக்கை ஊட்டுவது ஆசிரியர் தொழிலன்று.

“என்ரை காலுக்கு ஒண்டும் வேண்டாம் மாஸ்டர். அவன் பாவம் செய்யேல்லை எண்டு தெரிஞ்சுதே, அது காணும்,” என்று சொல்லி, கையை ஊன்றி மெல்ல எழுந்து படலையைக் கடந்தார்.

காணியை ஈடுவைத்த தாய்க்கு, அக் காணி என்னவாயிற்று என்று அறியும் உரிமை இல்லையா? அதனைச் சொல்லாதிருந்த குற்றத்தில் மகனுக்கு மட்டுமன்றி, அவனுக்குக் கற்பித்த எமக்கும் பங்குண்டு. தேர்வுக்கு எழுதக் கற்பித்தோம். தாய்க்கு எழுதக் கற்பிக்கவில்லை.

அன்றிரவே அவனுக்குக் கடிதம் வரைந்தோம்: “தம்பி, அடுத்த கட்டுரையை எமக்கு அனுப்புமுன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. கயிற்றிலிருந்து தொடங்கு.”