ஹோம் இரண்டாகிவிடக் கூடாது

லினக்ஸ் சர்வரில் ரூட் பார்ட்டிஷன் நிரம்பினால் முதலில் நான் பார்ப்பது ஹோம் டைரக்டரியைத்தான். ஆராய்ச்சி மாணவர்கள் புழங்கும் சர்வர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆளுக்கொரு டேட்டாசெட், ஆளுக்கொரு பைத்தான் என்விரான்மென்ட். புது டிஸ்க் போட்டு ஹோமை அங்கே மாற்றுவதுதான் வழி. இது புதிய தேவையும் அல்ல: பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த 1970களின் தொடக்கத்திலேயே யூசர்களின் டைரக்டரிகள் ‘யூஎஸ்ஆர்’ என்ற பெயரில் தனி டிஸ்க்கில்தான் இருந்தன.

காப்பி செய்வதற்கு ஆர்சிங்க் போதும். ஆனால் எதையெல்லாம் சேர்த்துக் கொண்டுபோகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஓனர், பர்மிஷன், தேதி மூன்றும் மாறாமல் போய்ச் சேர வேண்டும். கடைசியாக ஓடிய சிமுலேஷனின் ரிசல்ட் எது என்பதை ஃபைல் தேதியை வைத்தே கண்டுபிடிக்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். எல்லா ஃபைலுக்கும் இன்றைய தேதி விழுந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஹார்டு லிங்க்குகளுக்கென்று தனி ஆப்ஷன் உண்டு. அதை விட்டுவிட்டால், லிங்க்கால் இடம் மிச்சம் பிடித்த பேக்கப்புகள் புது டிஸ்க்கில் பல மடங்காக வீங்கிவிடும்.

நான் இரண்டு முறை ஓட்டுவேன். யூசர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முதல் முறை. நேரம் பிடிப்பது அதுதான். பிறகு அறிவித்துவிட்டு, எல்லாரும் வெளியேறியதும், ஹோமில் எந்த ஃபைலும் திறந்தில்லை என்று எல்எஸ்ஓஎஃப் மூலம் உறுதி செய்துகொண்டு, இடையில் மாறியதை மட்டும் எடுக்க இரண்டாவது முறை. இடையில் அவர்கள் அழித்த ஃபைல்கள் புது டிஸ்க்கிலும் அழிய வேண்டும் என்பதால் அந்த முறை டிலீட் ஆப்ஷனும் சேரும். அதனால் எது மூலம், எது இலக்கு என்று டிரை ரன்னில் பார்க்காமல் என்டர் தட்டமாட்டேன்.

இதையெல்லாம்விட முக்கியம் பழைய ஹோமை என்ன செய்கிறோம் என்பது. பலர் அதை அப்படியே விட்டுவிட்டு அதன் மேலேயே புது பார்ட்டிஷனை மவுன்ட் செய்கிறார்கள். பழைய ஃபைல்கள் கண்ணுக்கு மறைகின்றன, ஆனால் ரூட்டில் இடம் காலியாவதே இல்லை. அதைவிட மோசமானது வேறொன்று. எஃப்எஸ்டாபில் ‘நோஃபெயில்’ போட்டிருந்து, ஒருநாள் புது டிஸ்க் மவுன்ட் ஆகாமல் போனால், பழைய ஹோம் மேலே வந்துவிடும். யூசர் லாகின் செய்து, ஒன்றும் தெரியாமல் அதிலேயே நாள் முழுக்க எழுதுவார். அடுத்த ரீபூட்டில் புது டிஸ்க் சரியாக மவுன்ட் ஆகும். அன்றைக்குச் செய்த வேலை மட்டும் காணாமல் போயிருக்கும்.

ஆகவே பழைய ஹோமுக்கு வேறு பெயர் கொடுத்து, வெறும் டைரக்டரி ஒன்றை உண்டாக்கி, அதன் மேல் மவுன்ட் செய்வதே என் வழக்கம். மவுன்ட் செய்வதற்கு முன் அந்த வெற்று டைரக்டரியில் யாரும் எழுத முடியாதபடி இம்மியூட்டபிள் ஆக்கிவிடுவேன். ‘நோஃபெயில்’ போடமாட்டேன். டிஸ்க் வரவில்லையென்றால் சர்வர் எமர்ஜென்சி மோடில் நிற்கட்டும். கோளாறு உடனே தெரியும். டிஸ்க்கின் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் பூட்டுக்கு பூட்டு மாறக்கூடும் என்பதால் எஃப்எஸ்டாபில் யூயூஐடியைத்தான் எழுதுவேன்.

ஒன்று மறந்துபோகும்: ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் ரூட் யூசருக்கென்று 5% இடத்தை ஒதுக்கி வைத்துக்கொள்ளும். 2 டிபி டிஸ்க்கில் அது 100 ஜிபி. ஹோமுக்கு அவ்வளவு தேவையில்லை, 1% ஆக்கிவிடலாம்.

ரீபூட் செய்தபின் ரூட்டாக அல்லாமல் சாதாரண யூசராக நுழைந்து, ஒரு ஃபைலை எழுதி அழித்துப் பார்க்கிறேன். புது ஹோமிலிருந்து ஒரு முழு பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில ஃபைல்களை மீட்டுப் பார்த்த பிறகே பழைய டைரக்டரியை அழிக்கிறேன்.